கால் வீங்கியிருக்கிறது, சோடியம் குறைந்திருக்கிறது: உப்பைக் கூட்டலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. இதயம் ரத்தத்தைப் பம்ப் செய்யும் திறன் குறைந்துவிட்டது என்று சில வருடங்களாக மருந்து சாப்பிடுகிறார். போன மாதம் இரண்டு கால்களும் வீங்கிவிட்டன. எடை 64 கிலோவிலிருந்து 70 ஆகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 128 என்று வந்திருக்கிறது. 135க்குக் குறையக் கூடாது என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறார்கள். டாக்டரோ உப்பைக் குறைக்கச் சொல்கிறார், தண்ணீரையும் நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குள் நிறுத்தச் சொல்கிறார். உப்பு குறைந்தவருக்கு உப்பைக் குறைப்பது என்ன வைத்தியம் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. உடம்பு முழுக்க நீர் கோத்திருக்கும்போது அப்பாவுக்கு நாக்கு வறண்டு தாகம் எடுப்பது எப்படி? ஒரு பாட்டில் சலைன் ஏற்றினால் சோடியம் சரியாகிவிடாதா? செல் சவ்வு சிலவற்றை விடும், சிலவற்றை விடாது என்று பள்ளியில் படித்த ஞாபகம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? - ஒரு மகள்

பதில்: உப்பைக் கூட்டாதீர்கள். உங்கள் டாக்டர் சொன்ன இரண்டும் சரியானவை, ஒன்றோடொன்று மோதுபவையும் இல்லை. காரணம் தெரிந்தால் உறவினர்களிடமும் பேசலாம், அப்பா தண்ணீர் கேட்கும்போது மறுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் கொஞ்சம் குறையும். அந்தக் காரணம் நீங்கள் கடைசியில் தயக்கத்தோடு கேட்டிருக்கும் கேள்வியில்தான் இருக்கிறது. செல் சவ்வுக்கும் அப்பாவின் கால் வீக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

முதலில் உடம்பில் தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். பெண்களுக்குச் சுமார் 50 சதவீதம், ஏனென்றால் கொழுப்புத் திசுவில் நீர் குறைவு. பிறந்த குழந்தைக்கு 75 சதவீதம் வரை இருக்கும், வயதாக ஆக இந்தப் பங்கு குறைந்துகொண்டே வரும். பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொள்ளும் 70 கிலோ இளைஞனிடம் ஏறத்தாழ 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி 14 லிட்டர்தான் வெளியே. அந்தப் பதினான்கிலும் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா சுமார் 3 லிட்டர்தான். மற்றது பெரும்பாலும் செல்களுக்கு இடையில் இருக்கும் இடைத்திரவம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர், மூட்டுகளில், கண்ணுக்குள் இருக்கும் நீர் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் வரும். அது இப்போதைக்கு நமக்குத் தேவையில்லை.

ஆக மூன்று பகுதிகள்: செல்லுக்குள், செல்களுக்கு இடையில், ரத்தக் குழாய்க்குள். நாம் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதிப்பது மூன்றில் மிகச் சிறியதை மட்டும். ரிப்போர்ட்டில் உள்ள 128 அந்த 3 லிட்டரில் எடுத்த எண். அதை வைத்து மற்ற இரண்டு பகுதிகளில் என்ன நடக்கிறது என்று ஊகிப்பதுதான் டாக்டரின் வேலை. அதனால்தான் அவர் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகும் காலை அழுத்திப் பார்க்கிறார், கழுத்து ரத்தக் குழாயைப் பார்க்கிறார், எடை கேட்கிறார்.

இந்த மூன்று பகுதிகளையும் பிரிப்பவை இரண்டு தடுப்புகள். இரண்டும் முற்றிலும் வேறு குணம் கொண்டவை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் தடுப்பு, ரத்தத்தையும் இடைத்திரவத்தையும் பிரிக்கும் நுண்குழாயின் சுவர். தண்ணீர், சோடியம், குளுக்கோஸ், யூரியா எல்லாம் அதன் இடுக்குகள் வழியே தாராளமாகப் போய்வரும். அல்புமின் போன்ற பெரிய புரதங்களுக்குத்தான் அங்கே வழி இல்லை. குழாய்க்குள்ளேயே தங்கும் அந்தப் புரதம் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. ரத்த அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. இந்த இழுபறியை 1896இல் விளக்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். வெளியேறி மிஞ்சும் திரவத்தை நிணநீர்க் குழாய்கள் ஒவ்வொரு நாளும் சில லிட்டர் அளவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இதயம் தளரும்போது சிரைகளில் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. நிணநீர்க் குழாய்களால் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குத் திரவம் வெளியேறுகிறது. நாள் முழுக்கக் கீழே தொங்கும் கால்களில் அது முதலில் தெரிகிறது. விரலால் அழுத்தினால் குழி விழும் நிலை வருவதற்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது தடுப்புதான் செல் சவ்வு. இங்கே கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன்.

இந்தச் சவ்வின் தடிமன் 10 நானோமீட்டருக்குள். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காகப் போட்டால் கிடைப்பது 10 நானோமீட்டர். இதன் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு மூலக்கூறு. அதன் தலை தண்ணீரோடு சேரும், இரண்டு வால்களும் தண்ணீரை விட்டு விலகும். எனவே தண்ணீருக்குள் விட்டால் இந்த மூலக்கூறுகள் தாமாகவே இரண்டு வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன: தலைகள் இரு பக்கமும் வெளியே பார்த்து, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து. யாரும் அடுக்க வேண்டியதில்லை. 1925இல் கோர்ட்டர், கிரெண்டெல் என்ற டச்சு ஆய்வாளர்கள் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்பு வந்தது. சவ்வு ஈரடுக்கு என்று அப்படித்தான் தெரிந்தது. அவர்களின் அளவீட்டில் இரண்டு பிழைகள் இருந்தன, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடையைக் கொடுத்தன என்பது பின்னால் தெரியவந்தது.

இந்தக் கொழுப்பு அடுக்கு விறைத்து நிற்பதில்லை. மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நடுநடுவே இருக்கும் கொலஸ்டிரால் சவ்வு மிகவும் இளகிவிடாமலும் குளிரில் இறுகிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. கொலஸ்டிரால் என்றாலே கெட்டது என்று நினைப்பவர்களுக்கு இதை எப்போதும் சொல்வேன், அது இல்லாமல் நம் செல் ஒன்றுகூட நிற்காது. அடுக்கின் குறுக்கே புரதங்கள் பதிந்து மிதக்கின்றன. எடைக் கணக்கில் பார்த்தால் பல செல்களின் சவ்வில் பாதி புரதம்தான். வெளிப்பக்கம் சில புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். ரத்த வகை ஏ, பி என்று நாம் பிரிப்பது சிவப்பணுச் சவ்வின் இந்தச் சர்க்கரைகளை வைத்துத்தான். கொழுப்பின் நடுவே புரதங்கள் மிதக்கும் இந்த அமைப்பை 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற ஆய்வாளர்கள் ஓர் அறிவியல் மாதிரியாக வகுத்துக் கொடுத்தார்கள். அதில் பின்னால் பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை இன்றும் அதுதான்.

இப்போது யாருக்கு வழி, யாருக்கு இல்லை என்று பாருங்கள். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டும் கொழுப்பைக் கடந்து நேராகப் போய்விடும். சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டம் உள்ள அயனிகளுக்கு நடுவில் இருக்கும் கொழுப்பு வால்கள் பெரிய தடை. அதற்கென்றே அமைந்த புரதத்தின் வழியாகத்தான் அவை போக முடியும். தண்ணீர் கொழுப்பு வழியாக மெதுவாகக் கசியும், ஆனால் பல செல்களில் அதற்கெனத் தனி வாசல்கள் உண்டு. அக்குவாபோரின் என்ற அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான பீட்டர் ஏக்ரி. 1992இல் அவர் குழு அந்தப் புரதத்தைத் தவளை முட்டைகளில் உருவாகச் செய்து, நீர்த்த கரைசலில் போட்டது. சாதாரண முட்டைகள் அப்படியே இருக்க, இவை தண்ணீரை இழுத்து ஊதி வெடித்தன. அதற்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இதோடு ஒரு பம்ப்பும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957இல் இதை வெளியிட்டார், 1997இல் நோபல் பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்ப்புக்கே போகிறது. அதன் பலன், செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் (ரிப்போர்ட்டில் உள்ள 128உம் இதே அலகில்தான்) சோடியம், உள்ளே 10 முதல் 15 வரைதான். பொட்டாசியம் நேர்மாறாக உள்ளே 140, வெளியே 3.5 முதல் 5. பம்ப் நின்றால் சோடியம் உள்ளே கசிந்து, அதோடு தண்ணீரும் புகுந்து செல் வீங்கிவிடும்.

ஆக நிலைமை இதுதான்: சோடியம் செல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது, தண்ணீரோ சவ்வின் இரு பக்கமும் போய்வரும். உடம்பில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் வெளிப்பகுதியில் எவ்வளவு நீர் தங்கும். ஆனால் ரிப்போர்ட்டில் வருவது சோடியத்தின் மொத்த அளவைச் சொல்லாது. ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்ற செறிவை மட்டும் சொல்லும்.

ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் உப்பையும் நிறையத் தண்ணீரையும் சேர்த்துக் குடத்தில் ஊற்றுங்கள். வாயில் வைத்தால் முன்பைவிடக் கரிப்பு குறைவு. குடத்தில் இருக்கும் உப்போ டம்ளரில் இருந்ததைவிட அதிகம். அப்பாவின் உடம்பில் நடந்திருப்பது இதுதான்.

எண்களிலேயே பார்த்துவிடலாம். 64 கிலோவாக இருந்தபோது அவருடைய செல்களுக்கு வெளியே சுமார் 13 லிட்டர் இருந்திருக்கும். சோடியம் 140 என்றால் மொத்தம் 1820 மில்லிமோல். இப்போது எடை 6 கிலோ கூடியிருக்கிறது. அதில் 4 லிட்டர் மட்டும் செல்களுக்கு வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 லிட்டர், சோடியம் 128. பெருக்கினால் 2176. அதாவது 356 மில்லிமோல் சோடியம் கூடுதல், சமையல் உப்பாகக் கணக்கிட்டால் 20 கிராமுக்கு மேல். தோராயக் கணக்குதான், ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது அல்லவா? ‘உப்பு குறைந்தவர்’ என்று எல்லோரும் கவலைப்படும் உங்கள் அப்பாவின் உடம்பில் உப்பு அதிகமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் அதைவிட அதிகமாக இருக்கிறது. உப்பைக் குறைப்பது வீக்கத்துக்காக, தண்ணீரைக் குறைப்பது அந்த 128க்காக.

இவ்வளவு நீர் ஏன் சேர்ந்தது? இதயம் போதிய விசையோடு தள்ளாததால், தமனிகளில் உள்ள அழுத்த உணரிகள் ரத்தம் பற்றவில்லை என்று நினைத்துக்கொள்கின்றன. காலில் லிட்டர் கணக்கில் நீர் நிற்பது அவற்றுக்குத் தெரியாது. சிறுநீரகத்துக்கு உப்பைப் பிடித்துவை என்ற செய்தி போகிறது. மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரகக் குழாயின் செல்களுக்குள் தயாராக இருக்கும் அக்குவாபோரின்களைச் சவ்வில் கொண்டுவந்து பதிய வைக்கிறது. சிறுநீராகப் போக வேண்டிய தண்ணீர் அந்த வாசல்கள் வழியே உடம்புக்கே திரும்புகிறது. கூடவே ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் தாகத்தையும் தூண்டுகிறது. அப்பாவின் தாகம் இப்படி வருவது. நாக்கு வறட்சிக்கு, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் வாயால் மூச்சு விடுவதும்கூடக் காரணமாகலாம். தாகம் உண்மையானது, அவர் அடம் பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தாகம் உடம்பில் உள்ள மொத்த நீரைப் பார்த்து எழுந்தது கிடையாது. அது கேட்கிறது என்பதற்காகக் கொடுத்தால் சோடியம் இன்னும் இறங்கும்.

சலைன் பற்றிக் கேட்டீர்கள். சாதாரண சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. அந்தச் சோடியம் செல்லுக்குள் போகாது என்பதால் முழு லிட்டரும் வெளிப்பகுதியிலேயே நிற்கும். நுண்குழாய்ச் சுவர் அதைத் தடுக்காது என்பதால் ஏறத்தாழ கால் லிட்டர்தான் ரத்தத்தில் தங்கும், முக்கால் லிட்டர் இடைத்திரவத்துக்குப் போய்விடும். அப்பாவைப் பொறுத்தவரை அது கால்களுக்கும், மோசமானால் நுரையீரலுக்கும் போகும் நீர். குளுக்கோஸ் டிரிப்பும் உதவாது. அந்தச் சர்க்கரை எரிந்து முடிந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர், அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போகும், சோடியம் மேலும் நீர்க்கும்.

உங்கள் உறவினர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்கில் உப்பையும் நீரையும் இழந்து, வெறும் தண்ணீர் மட்டும் குடித்து, சோடியம் 128க்கு வந்த ஒருவருக்குச் சலைன்தான் சரியான சிகிச்சை. அப்படி ஒருவர் டிரிப் ஏற்றி எழுந்து உட்கார்ந்ததை அவர்கள் பார்த்திருக்கலாம். எண் ஒன்றுதான். ஆனால் அவருடைய வெளிப்பகுதி வற்றிப்போயிருந்தது, அப்பாவுடையது நிரம்பி வழிகிறது.

அப்படியானால் 128 பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். வெளியே உள்ள நீர் நீர்த்துப்போனால் தண்ணீர் சவ்வைக் கடந்து செல்லுக்குள் போகும், செல் வீங்கும். மற்ற உறுப்புகள் இதைத் தாங்கும். மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு வீங்க இடமில்லை. சோடியம் மெதுவாகக் குறைந்தால் மூளைச் செல்கள் இரண்டு நாட்களுக்குள் தமக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் வேறு சில கரைபொருள்களையும் வெளியேற்றி, பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அப்பா 128இலும் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் இதனால்தான். இப்படிப் பழகிக்கொண்ட மூளைக்கு, ஆர்வக் கோளாறில் சோடியத்தைச் சட்டென்று ஏற்றுவதும் ஆபத்து. தண்ணீர் வேகமாக வெளியேறி, நரம்பு உறைகள் நிரந்தரமாகச் சிதையலாம். பொதுவாக 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது வழக்கம். டாக்டர் மெதுவாகப் போகிறார் என்று பொறுமை இழக்காதீர்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள், எழுதி வையுங்கள். ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த பரிசோதனை தேதிவரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒன்றரை லிட்டரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டு, சூப், பால், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கழியுங்கள். தாகத்துக்கு வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம் (அதையும் கணக்கில் சேருங்கள்), சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். பாக்கெட் உணவுகளிலும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொங்கு மாத்திரைகளிலும் சோடியம் ஒளிந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். மூட்டு வலிக்கென்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை அவராகப் போட்டுக்கொள்ள விடாதீர்கள். அவை சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்யும்.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். வெளிப்பகுதியில் பொட்டாசியத்துக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது, 3.5க்கும் 5க்கும் நடுவில். இதய நோய்க்குத் தரும் பல மருந்துகள், ஸ்பைரோனோலாக்டோன் உட்பட, ஏற்கனவே பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைப்பவை. அதோடு இந்த உப்பும் சேர்ந்து அளவு 6, 7 என்று ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அப்பா சாப்பிடும் நீர் மாத்திரை எது? தயாசைடு வகை என்றால் அதுவே சோடியத்தைக் குறைக்கக்கூடும், மாற்றலாமா என்று அவர் யோசிப்பார். ஃபியூரோசமைடு என்றால் அது சிறுநீரகக் குழாயின் செல் சவ்வில் உள்ள ஒரு புரதத்தை அடைத்து உப்பை வெளியேற்றும் மருந்து, இப்போதைய அளவு போதுமா என்று கேளுங்கள். இரண்டாவது, சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அப்பாவுக்குத் தலைவலியோடு வாந்தி, பேச்சில் குழப்பம், எழுப்பினால் கண் திறக்காத தூக்கம், வலிப்பு, படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் எது வந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கையில் மாத்திரைப் பட்டியலையும் எடை எழுதிய தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.